துயர் துடைத்த தாய் – டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

பிறந்தவர் யாவரும் ஒருநாள் மறைவர். மறைந்த பின்னும் பிறர் கண்ணீரைத் துடைப்பவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண்கள் அடுப்பங்கரையே கதியென இருந்த அந்நாளில் மன்னர் கல்லூரியில் இடம் வேண்டினார். எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் மன்னரின் இசைவு பெற்றுப் பயின்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

வாழ்வு செம்மையாக நடந்து கொண்டிருந்த வேளையில் இடி விழுந்தது. அன்புத் தங்கை சுந்தராம்பாள் நோயுற்றார். முதலில் சீதபேதி என்று கருதப்பட்டது, பின்னர் மலக்குடற் புற்றுநோய் எனத் தெரிந்தது. காலம் கடந்து விட்டது. தமக்கை மருத்துவராயிருந்தும், 1923-இல் அந்த இளந்தளிர் உதிர்ந்தது. அழுது ஓய்ந்திருந்தால் அவர் ஒரு தமக்கை மட்டுமே. அவரோ, இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை எழுப்புவதே தம் கடன் என உறுதி பூண்டார்.

1925-இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகித் துணைத் தலைவருமானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்கு ஒளவை இல்லம் கண்டார். இத்தனைக்கும் இடையே தங்கையின் நினைவு மங்கவில்லை.

பிழைக்க இயலாத நோயாளிகளுக்கு ஏன் செலவு என்று எண்ணியோர் பலர். அம்மையார் தளரவில்லை, பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1957-இல் நம் நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த நேருவே, 1952-இல் அடையாற்று மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18-இல் பன்னிரண்டே படுக்கைகளுடன் அது திறக்கப்பட்டது. மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1960-இல் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவும் அமைந்தது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 சூலை 22-இல் இயற்கை எய்தினார்.

மாணவ நண்பர்களே! இந்நோய் முதியோரை மட்டும் தேடி வருவதன்று. இரத்தத்திலும் எலும்பிலும் நிணநீர்க் கணுக்களிலும் தோன்றி நம் வயதினரையும் தாக்குகிறது. இன்று காலத்தே கண்டறிந்தால் அவர்களுள் பலர் குணமடைகின்றனர். ஆனால் மருந்து மட்டும் போதுமா? முடி உதிர்ந்து, தேர்வு தவறி, நண்பரின் பார்வைக்கு அஞ்சி ஒதுங்கும் தோழனுக்குத் துணை யார்? தொட்டால் ஒட்டும் நோயன்று இது. நம் நகரியத்திலோ வகுப்பிலோ அவ்வாறு ஒருவர் இருப்பின், வீடு சென்று பேசுவோம். பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுப்போம். சென்னைக்குச் சிகிச்சைக்குச் செல்கையில் உடன் செல்வோம். திரும்பி வரும் நாளில் அவர் இருக்கையை அவருக்கே வைத்திருப்போம். அம்மையார் தம் தங்கைக்குச் செய்ய இயலாததை நாட்டுக்குச் செய்தார். நாம் நம் தோழர்க்கேனும் செய்வோம்.