பனாரசிதாசரும் ஏழாம் அச்சமும்

சமணக் கவிஞரும் வணிகருமான பனாரசிதாசர், 1586ஆம் ஆண்டு ஜவுன்பூரில் மணி வணிகர் கரக்சேனரின் மகனாகப் பிறந்தார். 1605இல் அக்பர் மறைந்த செய்தி அவ்வூரை எட்டியபோது, படிக்கட்டில் அமர்ந்திருந்த அவ்விளைஞர் மயங்கி வீழ்ந்தார். தலை உடைந்து குருதி பெருகிற்று. ஊரோ அவரினும் மிக அஞ்சியது. கடைகள் அடைபட்டன. செல்வர் தம் அணிகலன்களைப் புதைத்துவிட்டு, முரட்டுத் துணி உடுத்து ஏழையர்போல் திரிந்தனர். கள்வரோ ஒருவரும் வந்திலர். ஜஹாங்கீர் அரியணை ஏறியதாக ஆக்ராவிலிருந்து கடிதம் வந்த பின்னரே ஊர் அமைதியுற்றது.

வணிகத்தில் அவர் கண்டது பெரும்பாலும் இழப்பே. ஆக்ராவில் கைப்பொருள் தீர்ந்த காலத்தில், கச்சோரி விற்பவர் ஒருவர் மாதக்கணக்கில் கடனுக்கு உணவளித்தார். பிறந்த மக்கள் ஒன்பதின்மரையும் பறிகொடுத்தார்.

இத்தகையவர் 1636இல் 'சமயசார நாடகம்' இயற்றினார். நம் பொன்னூர் மலையில் திருவடி அமைத்து வணங்கப்பெறும் குந்தகுந்த ஆசாரியரின் சமயசாரத்தைத் தழுவிய நூல் அது. நற்காட்சி எய்தியவரை அணுகாத எழுவகை அச்சங்களை அதில் விரித்துப் பாடினார். இம்மை, மறுமை, இறப்பு, நோவு என நீளும் அவ்வரிசையில் இறுதியானது, திடுமென யாது நேருமோ என்னும் அச்சம்.

ஐந்தாண்டு கழித்து, மாந்தர் வாழ்நாள் நூற்றுப்பத்தெனக் கொண்டு, தம் ஐம்பத்தைந்தாம் அகவையில் 'அர்த்தகதானக்' என்னும் பாதி வரலாற்றை எழுதினார். அதன் முடிவில் தம் குணங்களையும் குற்றங்களையும் அடுக்குகிறார். பொறுமையும் மனநிறைவும் குணங்களில் இடம்பெறுகின்றன. குற்றங்களில் ஒன்று, திடுமெனப் பேரச்சம் தம்மைப் பற்றுகிறது என்பது. ஏழச்சம் பாடிய புலவர் இதனை எழுதாது விட்டிருந்தால் எவர் அறிந்திருப்பர்! தனித்திருக்கையில் தாம் நடனமாடுவதையும் அங்கேயே சேர்த்து எழுதியுள்ளார்.