மன்னிப்புக் கேட்ட வெள்ளைக்காரர்

1919-ம் ஆண்டு. பஞ்சாபில் ஒரு கிராமம்.

ராணுவ ஆட்சியில் கசையடி பட்ட சீக்கியர் ஒருவர் தம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பலர் பார்க்க அடித்தார்களே என்ற அவமானம், பட்ட வலியைவிடப் பெரிதாக அவரை வாட்டியது.

எதிரே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்தது. வெள்ளைக்காரர் குனிந்தார். சீக்கியரின் பாதங்களைத் தொட்டார். ஆங்கிலேயர் செய்த கொடுமைக்காக, ஆங்கிலேயர் எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டார்.

அடி வாங்கியபோது அடக்கி வைத்த அழுகை அப்போது பொங்கி வந்தது. அந்தச் சீக்கியர் தேம்பித் தேம்பி அழுதார்.

துரை வந்தால் நம்மவர் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்ற காலம் அது! அந்தக் காலத்தில் ஒரு துரை, இந்தியரின் காலைத் தொட்டார் என்றால் அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்?

அவர் பெயர் சார்லஸ் பிரியர் ஆண்ட்ரூஸ். தீனபந்து என்று இந்திய மக்கள் அவரை அழைத்தார்கள். ஏழை எளியவரின் உறவினர் என்று அதற்குப் பொருள்.

தந்தையின் பிரார்த்தனை

ஆண்ட்ரூஸ் 1871-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்தவ மதபோதகர். பெரிய குடும்பம்.

ஆண்ட்ரூஸ் சிறுவனாக இருந்தபோது வீட்டில் இடி விழுந்தது போல் ஒரு செய்தி வந்தது. தாயாருக்குச் சொந்தமான பணத்தைக் குடும்ப நண்பர் ஒருவர் கவனித்து வந்தார். அவரே அதைச் சூதாட்ட வியாபாரத்தில் தொலைத்துவிட்டார். வசதியாக இருந்த குடும்பம் ஏழைக் குடும்பம் ஆகிவிட்டது.

வீட்டில் பிரார்த்தனைக்கு எல்லோரும் கூடினார்கள். துரோகம் செய்தவனைத் தந்தை திட்டப் போகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவரோ அந்த நண்பருக்காகக் கடவுளிடம் மன்றாடினார். இதை ஆண்ட்ரூஸ் கடைசி வரை மறக்கவில்லை.

கேம்பிரிட்ஜில் படித்துப் பாதிரியார் ஆனார். 1904-ம் ஆண்டு டெல்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். இரண்டு ஆண்டுகளில் கல்லூரி முதல்வர் பதவி காலியானது. அதில் ஓர் ஆங்கிலேயர்தான் உட்கார வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். சுசீல்குமார் ருத்ரா என்ற வங்காளிக் கிறிஸ்தவர் அங்கே நீண்ட காலமாக வேலை பார்த்து வந்தார். அவருக்குத்தான் பதவி போக வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் பிடிவாதமாக நின்றார். ருத்ராவே முதல்வர் ஆனார்.

டர்பன் துறைமுகத்தில்

1914 ஜனவரியில், கோகலேயின் வேண்டுகோளின்படி ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்கா போனார். டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், காந்தி யார் என்று தேடினார். வெள்ளை வேட்டி கட்டி, தலையை மழித்துக்கொண்டு மெலிந்து நின்றவர்தான் காந்தி என்று காட்டினார்கள். உடனே குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பின்னாளில் உலகமே மகாத்மா என்று அழைத்தவரை ஆண்ட்ரூஸ் மட்டும் மோகன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். காந்திஜிக்கு அவர் சார்லி.

அதே ஆண்டில் பாதிரியார் வேலையை விட்டார். கிறிஸ்துவை விடவில்லை. சாந்திநிகேதனத்தில் கவி தாகூருடன் குடியேறினார். மறு ஆண்டே பீஜித் தீவுக்குக் கப்பல் ஏறினார். கரும்புத் தோட்டங்களில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் நம் மக்கள் அடிமைகள் போல் உழைத்த இடம் அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழர்களும் அங்கே ஏராளம். ஆண்ட்ரூஸ் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை நாட்டை உலுக்கியது. 1917-ல் ஆள் பிடிப்பது நின்றது. 1920 ஜனவரி முதல் தேதி, மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

ரத்தம் சிந்திய பஞ்சாப்

1919 ஏப்ரல் 13. வைசாகித் திருநாள். அமிர்தசரஸ் நகரில் ஜாலியன் வாலாபாக் மைதானத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடியிருந்தார்கள். சுற்றிலும் சுவர். ஜெனரல் டயர் சிப்பாய்களுடன் வந்தான். எச்சரிக்கை செய்யாமலே சுடச் சொன்னான். 1,650 குண்டுகள் பாய்ந்தன. 379 பேர் இறந்ததாகச் சர்க்கார் கணக்கு. சுமார் ஆயிரம் பேர் என்றது காங்கிரஸ்.

அதற்கு மூன்று நாள் முன்பு, ஷெர்வுட் என்ற மிஷன் பள்ளி ஆசிரியையை ஒரு கும்பல் தெருவில் அடித்துப் போட்டது. அதுவும் கொடுமைதான். அவரைத் தூக்கிக் காப்பாற்றியவர்களும் இந்தியர்களே. டயருக்கு அது கண்ணில் படவில்லை. அந்தத் தெருவில் போகும் இந்தியர் ஒவ்வொருவரும் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

செய்தி அறிந்து ஆண்ட்ரூஸ் பஞ்சாபுக்குப் புறப்பட்டார். அமிர்தசரஸில் ராணுவத்தார் அவரை ரயிலிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மே மாதக் கடைசியில் தாகூர், தமக்குக் கிடைத்திருந்த சர் பட்டத்தை உதறி வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். ஆண்ட்ரூஸ் அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் சூடு தணித்து எழுதலாமே என்றார். தாகூர் ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் ஆண்ட்ரூஸ் கண்டதில்லை. கடிதம் எழுதியபடியே போனது.

ராணுவச் சட்டம் நீங்கியதும் மறுபடி பஞ்சாபுக்குப் போனார். பல வாரங்கள் ஊர் ஊராகச் சுற்றினார். அடிபட்டவர்களிடம் வாக்குமூலம் சேகரித்தார். அந்தக் கிராமத்துச் சீக்கியரைப் பார்த்தது இந்தப் பயணத்தில்தான். நவம்பரில் லாகூரில் அவருக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. அங்கும் மன்னிப்புக் கேட்டார். நடந்த அநியாயத்தை மூடி மறைக்கவில்லை. ஆனால் பழி வாங்கும் எண்ணம் வேண்டாம், மன்னித்துவிடுங்கள் என்று மக்களை வேண்டினார். பிள்ளையையும் கணவனையும் பறி கொடுத்தவர்களிடம் இதைக் கேட்பது லேசான காரியமா? அவர்கள் காலில் விழுந்தவர் என்பதால்தான் அவரால் கேட்க முடிந்தது.

இருபத்தொரு நாள்

1924-ல் கோஹாட் நகரில் இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டது. காந்திஜி டெல்லியில் மௌலானா முகமது அலியின் வீட்டில் 21 நாள் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். ஆண்ட்ரூஸ் அருகிலேயே இருந்து பணிவிடை செய்தார். யங் இந்தியா பத்திரிகையையும் பார்த்துக்கொண்டார்.

அக்டோபர் 8-ந் தேதி உபவாசம் முடிந்தது. இமாம் பவசீர் குர்ஆன் ஓதினார். ஆண்ட்ரூஸ் சிலுவையைப் பற்றிய கிறிஸ்தவப் பாட்டு ஒன்றைப் பாடினார். வைஷ்ணவப் பாட்டும் பாடினார்கள். பிறகு டாக்டர் அன்சாரி ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்.

ஆண்ட்ரூஸுக்குச் சொந்த வீடு இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போட்டிருந்த ஜிப்பாகூட அளவாக இருக்காது. நல்ல துணி கிடைத்தால் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

1940 ஏப்ரல் 5-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். வயது 69. அங்கேயே ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் நினைவாகச் சாந்திநிகேதனத்துக்கு 5 லட்சம் ரூபாய் நிதி சேர்க்க முடிவாயிற்று. 1942 மே மாதம் காந்திஜியே பம்பாய்க்குப் போய், அந்த ஆங்கிலேயருக்காக மக்களிடம் கை ஏந்தினார். பணம் வந்து குவிந்தது. அடுத்த மூன்றாவது மாதம் அதே பம்பாயில்தான் வெள்ளையனே வெளியேறு என்ற தீர்மானம் நிறைவேறியது.