ஆசிரியர் தேர்வில் ரெண்டு முறை கோட்டை விட்டவர்... மரபணுக் கணக்கைப் பிடித்த கதை!

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இவர் பேர் வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். மெண்டல்! நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்கே, அதான். சிரிச்சு முடிச்சுட்டு நெட்டை, குட்டை, 3:1 என்று மனப்பாடம் பண்ணி, மார்க் வாங்கிட்டு மறந்துடுவோம்.

ஆனா, அந்த மனுஷன் பட்டாணியில் கண்டுபிடிச்ச விஷயம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு. அப்பாவுக்கு ஏ குரூப், அம்மாவுக்கு பி குரூப், பிள்ளைக்கு மட்டும் எப்படி ஓ குரூப்? பெத்தவங்க ரெண்டு பேரும் ஆரோக்கியமா இருக்கும்போது, குழந்தைக்கு மட்டும் எப்படி ரத்தத்தில் பரம்பரை நோய்? இந்த மாதிரிக் கேள்விகளால் சந்தேகப்பட்டு, பழி போட்டு, உடைஞ்சுபோன வீடுகளும் உண்டு. ஆனால் இதற்கான பதிலை 1866-லேயே ஒருவர் அச்சில் போட்டுவிட்டார். யாரும்தான் கண்டுக்கல.

தங்கச்சி கொடுத்த சீதனப் பணம்

1822 ஜூலையில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் இருந்த ஹெய்ன்ஸெண்டார்ஃப் என்கிற குட்டிக் கிராமத்தில் பிறந்தார் ஜோகன் மெண்டல். இன்னைக்கு அந்த ஊர் செக் குடியரசில் இருக்கு. அப்பா ஆன்டன், விவசாயி. சொந்த நிலம் இருந்தாலும், வாரத்தில் மூன்று நாள் ஜமீன் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்கணும். அதுதான் அந்தக் காலத்துச் சட்டம். பழமரங்களில் ஒட்டுக் கட்டுவதில் அப்பாவுக்கு ஆர்வம். பையன் அதைப் பார்த்து வளர்ந்தான்.

ஜோகன் படிப்பில் கெட்டி. வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1838-ல், மரம் விழுந்து அப்பாவுக்குப் பலத்த அடி. குடும்ப வருமானம் படுத்துவிட்டது. 16 வயசுப் பையன் டியூஷன் எடுத்துத்தான் வயித்தைக் கழுவினான். அரைப்பட்டினி, ஓயாத கவலை. உடம்பு முடியாமல் மாதக்கணக்கில் வீட்டில் படுத்துக் கிடந்த காலமும் உண்டு.

அடுத்து கல்லூரிப் படிப்பு. காசுக்கு எங்கே போவது? தங்கச்சி தெரேசியா, தன் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனுக்குக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் படிப்பு தொடர்ந்தது. பிற்காலத்தில் நல்ல நிலைமைக்கு வந்ததும், தங்கச்சியின் பிள்ளைகளைப் படிக்கவைத்தார் மெண்டல். அவர்களில் இரண்டு பேர் டாக்டர் ஆனார்கள். தாய்மாமன் கடமையைக் குறை வைக்காமல் செய்தார்.

பரீட்சை பயம்

1843-ல் பிர்னோ நகரத்தில் இருந்த புனித தோமா துறவியர் மடத்தில் சேர்ந்தார். பக்தியோடு, சோத்துக் கவலை இல்லாமல் படிக்கலாம் என்ற காரணமும் இருந்தது. மடத்தில் கொடுத்த பேர்தான் கிரிகர். பெரிய நூலகம், செடி கொடிகள், அறிவியல் பேசும் துறவிகள் என்று அவருக்கு ஏத்த இடம்தான்.

1847-ல் குருவானவர் ஆனதும், நோயாளிகளைப் பார்த்து ஆறுதல் சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். அவங்க படுற வேதனையைப் பார்த்து இவர் படுத்த படுக்கை ஆகிவிட்டார். இது சரிவராது என்று மடத்துத் தலைவர் நாப், அவரைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்க அனுப்பினார். கிளாஸ் எடுப்பதில் அவர் கில்லாடி. ஆனால், நிரந்தர ஆசிரியர் ஆகணும்னா தேர்வு எழுதணும். 1850-ல் எழுதினார். ஃபெயில்.

நாப் விடவில்லை. அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவைத்தார். 1851 முதல் 1853 வரை அங்கே படித்தார். நம்ம இயற்பியல் பாடத்தில் வரும் டாப்ளர் விளைவு ஞாபகம் இருக்கா? அந்த டாப்ளரிடமே மெண்டல் இயற்பியல் கற்றார். எதையும் எண்ணு, கணக்குப் போடு என்கிற பழக்கம் அங்கேதான் ஊறியது. திரும்பி வந்து 1856-ல் மறுபடியும் தேர்வுக்குப் போனார். பதற்றத்தில் முடிக்க முடியாமல் பாதியிலேயே திரும்பினார். கடைசிவரை அவர் தற்காலிக ஆசிரியர்தான்.

அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் அந்த ஆராய்ச்சியும் ஆரம்பித்தது.

ஆயிரக்கணக்கில் பட்டாணி

அந்தக் காலத்தில் பரம்பரை என்றால், பாலில் டிகாக்‌ஷன் கலக்கிற மாதிரி என்று நினைத்தார்கள். அப்பா குணமும் அம்மா குணமும் கலந்து நடுவாந்தரமாகப் பிள்ளை பிறக்கும். கலந்த பிறகு பிரிக்க முடியாது. சார்லஸ் டார்வினே கிட்டத்தட்ட அப்படித்தான் யோசித்தார்.

மெண்டல் கேட்டது ரொம்ப சிம்பிளான கேள்வி. கலக்குதா, இல்ல ஒளிஞ்சுக்குதா?

முதலில் 34 பட்டாணி ரகங்களை ரெண்டு வருஷம் வளர்த்து, கலப்படம் இல்லாத ரகங்களைத் தேர்ந்தெடுத்தார். உயரம், விதையின் வடிவம், விதையின் நிறம் என்று ஏழு குணங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பட்டாணிப் பூ தன்னைத் தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். அதனால் மொட்டு விரியும் முன்பே திறந்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, பூச்சி வராமல் உறை போட்டு மூடுவார். ஒவ்வொரு பூவுக்கும் இதே வேலை. எட்டு வருஷத்தில் சுமார் 28,000 செடிகள்!

மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே மஞ்சள். பச்சை காணாமல் போய்விட்டது. வேறு யாராவது இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருப்பார்கள். மெண்டல் அந்த மஞ்சள் விதைகளை விதைத்து, அடுத்த தலைமுறையை எண்ணினார். 6,022 மஞ்சள், 2,001 பச்சை. உருண்டை விதை, சுருங்கிய விதை என்று பார்த்தபோது 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். எங்கே பார்த்தாலும் சுமார் 3:1.

பச்சை தொலைந்துபோகவில்லை. ஒரு தலைமுறை முழுக்க மஞ்சளுக்குள் மறைந்திருந்து, கொஞ்சம்கூட வெளிறாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

இதோடும் நிறுத்தவில்லை. அந்த மஞ்சள் விதைகளிலிருந்து 519 செடிகளை வளர்த்துப் பார்த்தார். 166 செடிகள் மஞ்சள் மட்டுமே கொடுத்தன. 353 செடிகள் மஞ்சளும் பச்சையும் கலந்து கொடுத்தன. அதாவது, பார்க்க ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தாலும், மூன்றில் ரெண்டு பங்கு பச்சையைச் சுமந்துகொண்டிருந்தன.

நாணயத்தைச் சுண்டிப் பாருங்க

மெண்டல் போட்ட கணக்கு இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் செடியில் ரெண்டு காரணிகள் இருக்கு. ஒன்று அப்பா வழி, இன்னொன்று அம்மா வழி. அடுத்த தலைமுறைக்கு அதில் ஒன்று மட்டும்தான் போகும். எது போகும் என்பது நாணயத்தைச் சுண்டுவது மாதிரி. ரெண்டு நாணயம் சுண்டினால், ரெண்டுமே பூ விழ வாய்ப்பு நாலில் ஒன்று. பச்சையும் அப்படித்தான். ரெண்டு பக்கமிருந்தும் பச்சைக் காரணி வந்தால்தான் விதை பச்சையாகும். ஒரு மஞ்சள் இருந்தாலும் மஞ்சள்தான். புத்தகத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படித்தது இதைத்தான்.

அந்தக் காரணியைத்தான் இன்னைக்கு ஜீன் என்கிறோம். டி.என்.ஏ என்ற நீளமான இழையில், நாலே நாலு எழுத்துகளில் எழுதப்பட்ட ஒரு செய்முறைக் குறிப்பு மாதிரி. சுருங்கிய பட்டாணிக்குக் காரணமான ஜீன் எது என்பதை 1990-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையைக் கிளை கிளையான மாவுச்சத்தாக மாற்ற உதவும் நொதிக்கான ஜீன் அது. அதன் நடுவே சுமார் 800 எழுத்துகள் கூடுதலாக நுழைந்துவிட்டதால் அந்த நொதி சரியாக உருவாகவில்லை. விதையில் சர்க்கரை தங்கி, தண்ணீரை அதிகம் இழுத்து, காயும்போது சுருங்கிவிடுகிறது. ஆனால் ஒரே ஒரு நல்ல ஜீன் இருந்தால்கூடப் போதும், விதை உருண்டையாகவே இருக்கும். குட்டைச் செடியின் கதை இன்னும் ஆச்சர்யம். அங்கே மாறியிருப்பது ஒரே ஒரு எழுத்து.

கண்டுக்கப்படாத கட்டுரை

1865 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிர்னோவில் ஓர் அறிவியல் சங்கத்தில் ரெண்டு கூட்டங்களில் பேசினார் மெண்டல். 1866-ல் கட்டுரையாகவும் வந்தது. 40 பிரதிகள் வாங்கிப் பல விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். செடி பற்றிய பேச்சில் இவ்வளவு கணக்கு எதுக்கு என்பது போலத்தான் உலகம் நடந்துகொண்டது.

மியூனிக்கில் இருந்த பேராசிரியர் நேகெலி மட்டும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். அவருக்கும் முழு நம்பிக்கை இல்லை. அவர் ஆராய்ந்துவந்த ஹாக்வீட் செடியில் மெண்டலும் இறங்கினார். அது பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை உண்டாக்கும் செடி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கணக்கு உதைத்தது. பொடிப் பொடியான பூக்களை உற்றுப் பார்த்துப் பார்த்துக் கண்வலி வந்ததுதான் மிச்சம்.

1868-ல் மடத்துத் தலைவர் ஆனார். நிர்வாக வேலை கழுத்தை நெரித்தது. 1874-ல் மடங்களுக்குப் புதிய வரி வந்தது. கட்ட மாட்டேன் என்று சாகும்வரை அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். தேனீ வளர்ப்பு, வானிலைக் குறிப்பு எழுதுவது மட்டும்தான் ஆறுதல். 1884 ஜனவரி 6-ல் சிறுநீரக நோயால் இறந்தார். அவருக்குப் பின் வந்த தலைவர், அவருடைய காகிதங்களை எரித்துவிட்டார்.

1900-ல் டி விரீஸ், காரென்ஸ், செர்மாக் என்று மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியாக அதே மாதிரி முடிவுகளோடு வந்தார்கள். பழைய இதழ்களைப் புரட்டினால், அதெல்லாம் 34 வருஷத்துக்கு முன்பே அச்சாகியிருந்தது! இதில் காரென்ஸ், அந்த நேகெலியின் மாணவர் என்பதுதான் வேடிக்கை.

நம்ம வீட்டுக் கணக்கு

இப்போ ரத்த குரூப் கேள்விக்கு வருவோம். ஓ என்பது பச்சைப் பட்டாணி மாதிரி ஒளிந்துகொள்ளும் பண்பு. ஏ குரூப் அப்பாவிடமும் பி குரூப் அம்மாவிடமும் ஆளுக்கொரு ஓ மறைந்திருக்கலாம். ரெண்டு ஓவும் சேர்ந்து வந்தால் பிள்ளைக்கு ஓ குரூப். இதில் சந்தேகப்பட ஒண்ணுமே இல்லை.

தலசீமியா என்ற ரத்த நோயும் இதே கணக்குதான். பழுதான ஜீன் ஒன்று மட்டும் இருப்பவர் பெரும்பாலும் நல்லாத்தான் இருப்பார், தனக்கு இருப்பதே தெரியாது. அப்படி ரெண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடுமையான நோயோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூணுக்கும் வராது என்று அர்த்தம் இல்லை. நாணயம் ஒவ்வொரு தடவையும் புதுசாகத்தான் சுண்டப்படும். அதே மாதிரி, அம்மா வழிதான் கோளாறு என்று மருமகளை மட்டும் கைகாட்டவும் முடியாது. இந்த நோய் வர ரெண்டு பக்கமும் ஜீன் வந்திருக்கணும்.

அத்தை பையன், மாமன் பொண்ணு என்று சொந்தத்தில் கட்டும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கு. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த, ஒளிந்திருக்கும் அதே ஜீன் ரெண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். ஆனாலும், ஜாதகம் பார்க்கிற நேரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். தலசீமியா ஜீனைச் சுமக்கிறோமா என்று அதில் தெரிந்துவிடும்.

எல்லாக் குணமும் இப்படி ஒற்றை ஜீனில் முடிவதில்லை. உயரம், தோல் நிறம், சர்க்கரை நோய் எல்லாம் பல ஜீன்களும் வாழ்க்கை முறையும் சேர்ந்து செய்யும் வேலை. அதனால்தான் அக்கா தம்பிக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

மெண்டலின் 200-வது பிறந்தநாளை ஒட்டி, செக் விஞ்ஞானிகள் 2021-ல் அவர் கல்லறையைத் திறந்து, எலும்பிலிருந்து டி.என்.ஏ எடுத்துப் படித்தார்கள். சிறுநீரகம், இதயம், நரம்பு தொடர்பான நோய்களோடு சம்பந்தப்பட்ட மாறுபாடுகள் அதில் இருந்தன. எதெல்லாம் அவரை வாட்டியது, எதெல்லாம் பச்சைப் பட்டாணி மாதிரி சும்மா ஒளிந்திருந்தது என்பதை அந்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனா, அந்த எழுத்துகளில் சரிபாதி அப்பா ஆன்டனிடமிருந்தும் மீதி அம்மாவிடமிருந்தும் வந்தவை என்று உறுதியாகச் சொல்லலாம். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் மெண்டலேதான்.