தந்தி ஆபீஸ் வேலையை விட்டவர், கடற்கரை மணலில் கிராமம் கட்டினார்... யார் இந்த கே.சி.எஸ். பணிக்கர்?

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சா, ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல ரூட் அது. சென்னையை நோக்கித் திரும்பினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வரும். உள்ளே போய் நாலு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறவங்கதான் அதிகம். ஆனால் அந்த இடத்துக்குப் பின்னால் இருப்பது, மாசச் சம்பளத்துக்கும் மனசுக்குப் பிடிச்ச வேலைக்கும் நடுவில் மாட்டிக்கிட்ட ஒருத்தரோட கதை. அவர்தான் கே.சி.எஸ். பணிக்கர்.

யார் இவர்?

1911 மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்த ஊர் கேரளாவின் பொன்னானி பக்கம். தென்னையும் காயலும் வயலுமாக இருந்த அந்த ஊர்தான் அவருக்கு முதல் ஓவியப் பள்ளிக்கூடம். 12 வயசிலேயே நிலக்காட்சிகளை வரைய ஆரம்பிச்சுட்டார். 17 வயதில் மெட்ராஸ் கண்காட்சியில் அவரது ஓவியம் இடம்பிடித்தது.

அப்புறம் வந்தது நம்மில் பலருக்கும் தெரிந்த திருப்பம். அப்பா இறந்துபோக, குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தது. கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, 18 வயதில் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் குடும்பத்துக்காகச் சம்பாதித்தார். ஆனால் தூரிகையை மட்டும் கீழே வைக்கவில்லை. 1936-ல் வேலையை விட்டுவிட்டு, 25 வயதில் சென்னை அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கவர்மென்ட் வேலையை விடுவது லேசான விஷயமா என்ன?

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி என்ன பெருமை?

அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் தொடங்கிய பள்ளி அது. ஓவியர்களை உருவாக்குவது அதன் முதல் நோக்கம் அல்ல. மண்பாண்டம், உலோகம், மரவேலை என்று தொழிற்கலைகளுக்காக வளர்ந்த இடம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் பொறுப்பில் இருந்தபோது, இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அடித்தளம் போட்டதும் இங்கேதான். இன்றைக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் டிசைன், புரொடக்‌ஷன் என்று பேசுகிறவர்களுக்கு, ஒரு வகையில் அந்தப் பள்ளியும் பாட்டி வீடுதான்.

பணிக்கர் சேர்ந்தபோது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவர் காலத்தில் பள்ளியின் கவனம் கைத்தொழிலில் இருந்து ஓவியம், சிற்பம் பக்கம் திரும்பியது. 1940-ல் படிப்பை முடித்த பணிக்கர், அடுத்த வருஷமே அங்கே ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் முதல்வர் நாற்காலி இவருக்கு வந்தது.

பிரச்சினை எங்கே ஆரம்பிச்சது?

1954-ல் பணிக்கர் ஐரோப்பா போனார். லண்டனிலும் பாரிஸிலும் அவரது கண்காட்சிகள் நடந்தன. பாராட்டோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்தது: இதில் இந்தியத்தன்மை எங்கே? அந்தக் கேள்வி அவரை ரொம்ப வருஷம் துரத்தியது.

இன்னொரு கேள்வி வகுப்பறையிலேயே இருந்தது. ஆறு வருஷம் ஓவியம் படிக்கிற பசங்க வெளியே போய் என்ன பண்ணுவாங்க? அப்போது மெட்ராஸில் ஓவியம் வாங்குகிறவர்கள் ரொம்பக் கம்மி. விளம்பரக் கம்பெனி, டிராயிங் மாஸ்டர் வேலை, நெசவுத் துறையில் டிசைனர் வேலை... இவைதான் வழி. அங்கே போனால் நாள் முழுக்க அந்த வேலையே தின்றுவிடும். சொந்த ஓவியம் செத்துப்போகும். தந்தி ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த வலி நல்லாவே தெரியும்.

அவர் கண்டுபிடித்த வழி என்ன?

கைத்தொழில். கையால் அழகான, தினம் பயன்படுகிற பொருட்களைச் செய்து விற்பது. அந்த வருமானத்தில் வயிறு நிறையும். ஓவியத்தை யாருக்காகவும் வளைக்க வேண்டியதில்லை.

1960-களின் தொடக்கத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கல்லூரி நேரம் முடிந்ததும் பாத்திக் துணி செய்ய ஆரம்பித்தார்கள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து, சாயத்தில் முக்கினால், மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை எடுத்தால் கோலம் தெரியும். மெழுகு வெடித்த இடங்களில் நூலிழை போல ரேகைகள் ஓடும். துணிகள் நன்றாக விற்றன. ஓவியர் கைவினைச் சங்கம் உருவானது.

கிடைத்த பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் சேர்த்து வைத்தார்கள். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள். முப்பது பேர் அளவில் கலைஞர்கள் சேர்ந்தார்கள். அரசு மானியத்துக்குக் காத்திருக்கவில்லை. சோழர் கடற்கரையின் பெயரையே கிராமத்துக்கு வைத்தார்கள்.

எல்லாமே சுலபமா நடந்துச்சா?

இல்லை. அன்றைக்கு ஈஞ்சம்பாக்கம் என்பது சவுக்குத் தோப்பும் மணலும்தான். சிட்டியில் இருந்து அவ்வளவு தூரத்தில் போய்க் குடியேற எல்லோராலும் முடியவில்லை. சிலர் பாதியில் விலகினார்கள், சிலர் வெளிநாடு போனார்கள். தங்கியவர்கள் பாத்திக், உலோகம், தோல், மண்பாண்டம் என்று கைக்கு வந்ததைச் செய்தார்கள். கைத்தொழில் செய்தால் கலைஞனுக்கு மதிப்பு குறையும் என்ற எண்ணத்தையும் அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது. நடந்தது நேர்மாறு. உலோகத் தகட்டைத் தட்டித் தட்டிப் பழகிய கைகள் புது வகைச் சிற்பங்களைக் கொடுத்தன. பி.வி. ஜானகிராம், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்களே சாட்சி.

லண்டன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா?

கிடைத்தது. 1963 முதல் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைதான் அது. ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, மலையாளம் போலத் தெரியும் எழுத்து எல்லாம் அதில் இருக்கும். வாசிக்கப் போனால் ஒரு சொல்லும் பிடிபடாது. அது வாசிக்க அல்ல, பார்க்க. பஞ்சாங்கமும் ஓலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தெரியாது.

1967-ல் முதல்வர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மிச்ச வாழ்க்கையைச் சோழமண்டலத்தில் கழித்தார். 1977 ஜனவரியில், 65 வயதில் காலமானார்.

இன்றைக்கு அங்கே என்ன இருக்கு?

கலைஞர்களின் வீடுகள், காட்சிக்கூடங்கள், மரத்தடியில் சிற்பங்கள். 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் கலை இயக்கத்தின் படைப்புகளைப் பார்க்கலாம். சுற்றி அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட ஈ.சி.ஆரில், அந்த நிலத்தின் இன்றைய விலையை யாரும் ஊகிக்கலாம். ஆனாலும் அங்கே கலைஞர்கள் இன்னும் வாழ்கிறார்கள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் போட்டோவோடு திரும்பிடாதீங்க. பிடிச்ச வேலைக்காகச் சம்பளத்தை விட முடியாதவர்களுக்கு, சாயங்காலம் இரண்டு மணி நேரமும் கூட நாலு பேரும் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அந்த 10 ஏக்கர் ஒரு கணக்கு.