உங்க பழைய கார் வயரிங்லயும் பெயின்ட்லயும் ஒளிஞ்சிருக்கிற ஒரே ஆள்!

ஒரு 1925 மாடல் செவர்லே உங்க கைக்குக் கிடைச்சிருக்குன்னு வெச்சுக்கோங்க. பானெட்டைத் திறக்கறீங்க. எஞ்சினுக்கும் உங்க காலுக்கும் நடுவுல நிக்கிற இரும்புத் தடுப்பு இருக்கே, ஃபயர்வால், அதுல பெயின்ட் பொரிஞ்சு உரிஞ்சு தொங்குது. அதைத் துளைச்சுக்கிட்டு உள்ள போற வயர்கள் மேல சுத்தியிருந்த பருத்தி நூல் பொடிஞ்சு, தொட்டா கையோட வருது. எலி வேற தன் பங்குக்குக் கடிச்சிருக்கு.

முதல் வேலை என்ன தெரியுமா? ஸ்பேனரை எடுக்கறது இல்ல, உங்க போனை எடுக்கறது. பேட்டரியைக் கழட்டிட்டு, ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்க போகுதுன்னு போட்டோ எடுங்க. ஒவ்வொரு முனையிலும் ஒரு சீட்டு கட்டுங்க. அதுக்கப்புறம்தான் கழட்டணும். ஃபயர்வால்ல ஒண்ணும் இல்லாம வழிச்சு எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, பெயின்ட் அடிச்சு முடிச்ச பிறகுதான் புது வயரிங் உள்ள வரணும். வரிசை மாறினா ரெண்டு வேலையும் கெடும்.

இந்த வயரிங், இந்த பெயின்ட், கூடவே அந்த டேங்க்ல ஒரு காலத்துல ஊத்தின பெட்ரோல்... மூணுக்கும் பின்னாடி ஒரே மனுஷன் இருக்கார். பேர் சார்லஸ் கெட்டரிங். கார் உலகத்துல ஹென்றி ஃபோர்டு பேர் தெரிஞ்ச அளவுக்கு இவர் பேர் நம்ம ஊர்ல தெரியாது. ஆனா நீங்க தினமும் வண்டியில செய்யற ஒரு காரியத்தை இவர்தான் உங்களுக்குக் குடுத்தார். கையால எஞ்சினைச் சுத்தாம ஸ்டார்ட் பண்றது.

1876 ஆகஸ்ட் 29. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லௌடன்வில் என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசுலேர்ந்தே கண் பிரச்னை. படிச்சா தலை வலிக்கும். கிராமத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை பார்த்துட்டு, ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். கண் படுத்தின பாட்டுல படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்துட்டார்.

அப்புறம் செஞ்ச வேலை என்னன்னா, டெலிபோன் கம்பெனிக்காகக் குழி தோண்டி கம்பம் நடறது. வெயில்ல, காத்துல, கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிற மாதிரி ஒரு வேலை. கம்பி இழுக்கற அந்த வேலைதான் அவருக்கு மின்சாரத்துல பிடிப்பைக் குடுத்துச்சு. திரும்பப் போய்ச் சேர்ந்து, கூடப் படிச்சவங்க புத்தகத்தை வாசிச்சுக் காட்ட, 1904-ல எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். அப்போ அவருக்கு 27 வயசு. அரியர் வெச்சிருக்கிற தம்பி தங்கச்சிங்க இந்த வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கலாம்.

அடுத்த நிறுத்தம் டேட்டன் நகரம். அங்கே நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில வேலை. கடைகள்ல கல்லாப்பெட்டி மெஷினைக் கையால சுத்தித்தான் இயக்குவாங்க. அதை மோட்டார்ல ஓட வைக்கணும். மோட்டார்னா பெருசா, கனமா இருக்குமேன்னு எல்லாரும் யோசிச்ச இடத்துல கெட்டரிங் வேற மாதிரி யோசிச்சார். கல்லாப்பெட்டி நாள் பூரா ஓட வேண்டாமே? சில விநாடி ஓடினா போதும். அவ்வளவு குறைஞ்ச நேரத்துக்குன்னா, ஒரு குட்டி மோட்டாரை அதோட சக்திக்கு மேலயே வேலை வாங்கலாம். சூடேறி எரியறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்!

இந்த ஒரு யோசனையை மனசுல வெச்சுக்கோங்க. திரும்ப வரும்.

அதே கம்பெனியில பெரிய பதவியில இருந்தவர் எட்வர்ட் டீட்ஸ். அவர் வீட்டுப் பின்னாடி ஒரு கொட்டகை. ராத்திரியிலயும் லீவு நாள்லயும் கெட்டரிங்கும் சில சகாக்களும் அங்கே கூடி கார்களை நோண்ட ஆரம்பிச்சாங்க. அப்போ கார்ல இருந்த இக்னிஷன், படபடன்னு தொடர்ந்து தீப்பொறி விட்டு பேட்டரியைக் காலி பண்ணிடும். இவங்க செஞ்சது, தேவையான நொடியில ஒரே ஒரு பலமான பொறி. பேட்டரி, காயில், பாயிண்ட். நம்ம ஊர் அம்பாஸடரையும் பிரீமியர் பத்மினியையும் ஓட வெச்ச இக்னிஷனுக்கு மூதாதை இதுதான். பழைய மெக்கானிக் அண்ணன் யாராவது உப்புக் காகிதத்தை வெச்சு பாயிண்ட்டைத் தேய்ச்சதைப் பார்த்திருந்தீங்கன்னா, அது கெட்டரிங்குக்குச் செஞ்ச பணிவிடைதான்.

கேடிலாக் கார் கம்பெனியை நடத்தின ஹென்றி லேலண்ட் 8,000 செட் கேட்டார். (நம்ம அசோக் லேலண்ட் பேர்ல வர்ற லேலண்ட் இங்கிலாந்துல ஒரு ஊர். இவர் வேற.) கொட்டகையில இருந்து 1909-ல டெல்கோன்னு ஒரு கம்பெனி பிறந்தது.

இப்போ ஸ்டார்ட்டர் கதை. அந்தக் காலத்துல காரை ஸ்டார்ட் பண்ண, முன்னாடி போய் நின்னு ஹேண்டிலைச் செருகி வேகமாச் சுத்தணும். உங்க தாத்தா காலத்து பஸ், லாரியிலயும் இந்தக் காட்சி உண்டு. எஞ்சின் கொஞ்சம் முரண்டு பிடிச்சு எதிர்ப்பக்கம் சுத்திச்சுன்னா ஹேண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறியும், தாடை உடையும். லேலண்டின் நண்பர் ஒருவர் இப்படி அடிபட்டே இறந்தார், அதனாலதான் அவர் கெட்டரிங்கைக் கூப்பிட்டார்னு ரொம்ப காலமா ஒரு கதை ஓடுது. தேதிகளைக் கோத்துப் பார்த்தா அந்தக் கதை சரியா உட்காரலை. ஆனா கை முறிஞ்சவங்க நிஜம்.

எஞ்சினைச் சுத்தற அளவுக்குப் பெரிய மோட்டார் வெச்சா கார்ல வேற எதுக்கும் இடம் இருக்காதுன்னு நிபுணர்கள் கை விரிச்சாங்க. கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி ஞாபகம் வந்தது. கார் ஸ்டார்ட் ஆகவும் சில விநாடி போதுமே! 1911 பிப்ரவரியில கேடிலாக்ல வெச்சு ஓட்டிக் காட்டிட்டார். 1912 மாடல்ல அது வந்துடுச்சு. ஸ்டார்ட் ஆனதும் அதே மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரியைச் சார்ஜ் பண்ணும். அதே பேட்டரி விளக்கையும் எரிய வைக்கும். அதுக்கு முன்னாடி காரோட முகப்பு விளக்கு அசிட்டிலின் வாயு விளக்கு, தீக்குச்சி கிழிச்சுப் பத்த வைக்கணும்.

ஸ்டார்ட்டிங், லைட்டிங், இக்னிஷன் மூணும் ஒரே வலையா காருக்குள்ள ஓட ஆரம்பிச்சது அப்போதான். நீங்க இப்போ சீட்டு கட்டிக் கழட்டிட்டிருக்கிற வயரிங் ஹார்னஸோட பூர்வீகம் அது.

இங்கே ரீவயரிங் பண்றவங்க அடிக்கடி கோட்டை விடற ஒரு இடம். அந்தக் காலக் கார் 6 வோல்ட். உங்க இன்னிக்குக் கார் 12 வோல்ட். வோல்ட் பாதியானா, அதே வேலைக்கு ஆம்பியர் ரெண்டு மடங்கு. அதனால கேபிள் தடிமனா இருக்கணும். கடையில கிடைக்கிற 12 வோல்ட் பேட்டரி கேபிளைப் போட்டுட்டு, ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனமாச் சுத்துதேன்னு ஸ்டார்ட்டரைப் பிரிச்சுப் போடாதீங்க, பாவம். இன்னொண்ணு, பளபளன்னு பெயின்ட் அடிச்ச ஃபயர்வால்ல எர்த் வயரை முடுக்கினா கரன்ட் போகாது. போல்ட் உட்கார்ற இடத்துல மட்டும் இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டணும். ஆசையா அடிச்ச பெயின்ட்டைச் சுரண்ட மனசு வராதுதான். வேற வழியில்ல. வயர் நுழையற ஓட்டைக்கெல்லாம் ரப்பர் குரோமெட்டும் மறக்காதீங்க. தகட்டு விளிம்பு வயரை அறுத்துச்சுன்னா ஷார்ட் ஆகி, வண்டி பத்திக்கும்.

1916-ல டெல்கோவை விற்றார். கைமாறிக் கைமாறி அது ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ள வந்தது. 1920-லிருந்து 1947 வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்குத் தலைமை கெட்டரிங்தான். பெரிய அடியும் அங்கேதான் வாங்கினார். தண்ணியே இல்லாம, தாமிரத் தகடுகள் வழியா காத்துலயே குளிர்ற எஞ்சின். அதை வெச்சு 1923-ல வந்த செவர்லே படுதோல்வி. வித்த கார்களைத் திரும்ப வாங்கி, பெரும்பாலானதை அழிச்சுட்டாங்க. கெட்டரிங் ராஜினாமா கொடுத்தார். தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஏத்துக்கலை.

பெயின்ட் கதை வேற ரகம். அப்போ ஒரு காருக்கு வார்னிஷ் பெயின்ட் பூசி, காய வெச்சு, தேய்ச்சு, திரும்பப் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரு நாளைக்கு 1,000 கார் தயாரிக்கறீங்க, ஒவ்வொண்ணும் காய 20 நாள் ஆகுதுன்னா, 20,000 கார் நிறுத்தக் கூரை போட்ட இடம் வேணும்! ஃபோர்டு பல வருஷம் கறுப்பு நிறத்தையே கட்டிக்கிட்டு அழுததுக்கு, கறுப்பு எனாமல் சீக்கிரம் காஞ்சதும் ஒரு காரணம். கெட்டரிங்கோட ஆளுங்களும் டுபாண்ட் கம்பெனியும் சேர்ந்து நைட்ரோசெல்லுலோஸ்ல ஒரு லாக்கர் கொண்டு வந்தாங்க. 1924 மாடல் ஓக்லண்ட் கார்ல முதல்ல நீல நிறத்துல வந்தது. வாரங்கள் மணிக்கணக்கா சுருங்குச்சு. அதோட பேர் டூக்கோ.

ஆமா, அதே டூக்கோதான்! இன்னிக்கும் நம்ம ஊர் கார்ப் பட்டறையிலயும் பர்னிச்சர் கடையிலயும் புழங்கற அந்த வார்த்தை.

உங்க ஃபயர்வால்ல இருக்கிறது பழைய லாக்கரா, பின்னாடி யாரோ அடிச்ச எனாமலான்னு தெரியணுமா? மறைவான ஒரு இடத்துல லாக்கர் தின்னர் நனைச்ச துணியால தேய்ங்க. கரைஞ்சு துணியில நிறம் வந்தா லாக்கர். சுருங்கிப் பொரிஞ்சா எனாமல். ஒரு விஷயம், அந்தக் காலப் பெயின்ட்ல ஈயம் கலந்த நிறமி சகஜம். காஞ்ச உப்புக் காகிதத்தால பரபரன்னு தேய்ச்சா அந்தத் தூசி நேரா உங்க நுரையீரலுக்குள்ள போகும். தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும், நல்ல மாஸ்க் போடணும், குழந்தைகளைப் பக்கத்துல விடக்கூடாது.

ஈயம்னு சொன்னதும் கெட்டரிங் வாழ்க்கையோட இன்னொரு பக்கத்துக்கு வந்துதான் ஆகணும்.

எஞ்சின்ல டக்டக்னு ஒரு தட்டல் சத்தம் வரும், நாக்கிங். கெட்டரிங்கோட பேட்டரி இக்னிஷன்தான் அதுக்குக் காரணம்னு அந்தக் காலத்துல பழி வந்தது. பழியைத் துடைக்கத்தான் அவர் ஆராய்ச்சியில இறங்கினார். கோளாறு இக்னிஷன்ல இல்ல, பெட்ரோல் எரியற விதத்துலதான்னு தெரிஞ்சது. உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி வருஷக்கணக்கா ஒவ்வொரு பொருளாக் கலந்து பார்த்தார். ஆல்கஹால் கலந்தா தட்டல் நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும், சோதிச்சும் பார்த்தாங்க. ஆனா ஆல்கஹாலுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, நிறைய வேற கலக்கணும். 1921 டிசம்பர்ல டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் மாட்டுச்சு. துளி போதும். 1923-ல டேட்டன் நகரத்து பங்க்ல விற்பனை ஆரம்பம். விக்கறதுக்குன்னு 1924-ல ஆரம்பிச்ச கம்பெனிக்குத் தலைவர் கெட்டரிங். பேர் எத்தில். ஈயம்கிற வார்த்தை அந்தப் பேர்லயே இல்ல, கவனிச்சீங்களா?

அந்த அக்டோபர்ல நியூஜெர்சியில பேவே ஆலையில ஈய ஆவி தாக்கி அஞ்சு தொழிலாளிகள் செத்தாங்க. சித்தம் கலங்கிச் செத்தாங்க. முப்பதுக்கும் மேற்பட்டவங்க ஆஸ்பத்திரியில. மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தத் திரவத்துல கை கழுவி, முகர்ந்து காட்டினார். அதுக்கு முந்தின வருஷம்தான் அவரே ஈய விஷத்துக்கு ஓய்வெடுத்துட்டு வந்திருந்தார்! 1925 ஏப்ரல்ல கெட்டரிங்கைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினாங்க. மே மாசம் அரசு கூட்டிய மாநாட்டுல ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் இது தெருவெல்லாம் விஷம்னு எச்சரிச்சாங்க. கெட்டரிங் அங்கே ஈய பெட்ரோலுக்கு ஆதரவாத்தான் பேசினார். கொஞ்ச நாள் நின்ன விற்பனை, 1926-ல திரும்பவும் தொடங்கிடுச்சு.

கல்லாப்பெட்டியில காரைப் பார்த்த மனுஷன், இந்தப் புகையில குழந்தைகளைப் பார்க்கலை. தெரியாம நடந்ததுன்னு இதைத் தள்ளிவிட என்னால முடியலை. சொன்னவங்க அவர் எதிர்லயேதான் உட்கார்ந்திருந்தாங்க.

அதுக்கப்புறமும் அவர் சும்மா இருக்கலை. ரயிலுக்கான டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினை உருவாக்கினதுல முக்கியப் பங்கு அவருக்கு. இலங்கையில 1950-கள்ல வந்து இறங்கின கனடா எஞ்சின்கள் அந்த வம்சம்தான். ஃபிரிட்ஜுக்காக இவர் கேட்டு மிட்ஜ்லி கண்டுபிடிச்ச ஃபிரியான் வாயு பின்னாடி ஓசோனை அரிச்சது. 1945-ல ஸ்லோனோட சேர்ந்து நியூயார்க்ல புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சார். இன்னிக்கும் அங்கே நோயாளிங்க அவர் பேர் போட்ட வாசல் வழியாத்தான் உள்ள போறாங்க.

1958 நவம்பர் 25-ல டேட்டன்ல இறந்தப்போ வயசு 82. 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள், பக்கத்துலயே அவர் பேர்ல ஒரு நகரம். ஈய பெட்ரோல் இந்தியாவுல 2000-ல நின்னது. உலகத்துல கடைசியா அல்ஜீரியாவுல, 2021-ல.

சரி, உங்க செவர்லேக்கு வருவோம். பெயின்ட் காஞ்சாச்சு, வயரிங் முடிஞ்சாச்சு, ஸ்டார்ட்டரை மிதிச்சா எஞ்சின் உறுமுது. முதல் ரவுண்டுக்கு பங்க்குக்குப் போறீங்க. இப்போ அங்கே ஊத்தறது என்ன தெரியுமா? 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதாவது கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் நூறு வருஷத்துக்கு முன்னாடி சோதிச்சுப் பார்த்துட்டு ஒதுக்கி வெச்ச அதே ஆல்கஹால். பழைய ரப்பரை அது அரிச்சிடும். அதனால வண்டியை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி, கார்புரேட்டருக்குப் போற ஹோஸையும் வாஷரையும் எத்தனால் தாங்கற ரகத்துல மாத்திடுங்க.