செத்த காலேஜ், உயிர் காலேஜ்: மெட்ராஸுக்கு இரண்டையும் தந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் யார்?

கோடம்பாக்கம் ரயில் நிலையத்தில் நின்றால் எந்தப் பக்கம் வண்டி ஏறினாலும் ஒரே ஆளின் கதைக்குள் போய்விடலாம். பீச் போகும் மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடுத்து எழும்பூர். அங்கே அருங்காட்சியகம். எதிர்ப் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தால் தாம்பரம் தாண்டி வண்டலூர். அங்கே உயிரியல் பூங்கா.

ஒரு காலத்தில் ஊரிலிருந்து மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: பீச், எல்.ஐ.சி. கட்டடம், கோடம்பாக்கத்தில் ஏதாவது ஒரு ஸ்டூடியோ, செத்த காலேஜ், உயிர் காலேஜ். கடைசி இரண்டும் மியூசியமும் மிருகக்காட்சி சாலையும்தான். ஒன்றில் பாடம் பண்ணி வைத்த விலங்குகள், இன்னொன்றில் உயிரோடு உலாவும் விலங்குகள். பெயர்க் காரணம் அதுவரை புரிகிறது. ஆனால், நடுவில் ‘காலேஜ்’ எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் போக வேண்டும். அங்கிருந்த ஒரு வாசகர் கூட்டத்துக்கும், அந்தக் கூட்டத்தின் அலமாரியைத் திறந்துவிட்ட ஒரு ராணுவ டாக்டருக்கும் போக வேண்டும்.

சம்பளம் இல்லாத விஞ்ஞானிகள்

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸில் ‘விஞ்ஞானி’ என்று ஒரு வேலை கிடையாது. பறவை, பாம்பு, செடி, கல் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எல்லோருக்கும் வேறு ஏதாவது வேலை இருந்தது. பாதிப் பேர் கிழக்கிந்திய கம்பெனியின் டாக்டர்கள். அந்தக் காலத்தில் மருந்து என்றாலே பெரும்பாலும் மூலிகைதான் என்பதால், டாக்டருக்குப் படித்தவர்கள் தாவரவியலும் சேர்த்துப் படித்தார்கள். படைகளோடு ஊர் ஊராக மாற்றலாகிப் போன அவர்கள், போன இடத்திலெல்லாம் கண்ணில் பட்டதைச் சேகரித்தார்கள்.

சேகரித்து என்ன செய்வது? சரியா தப்பா என்று யாரிடம் கேட்பது? அதற்குத்தான் கழகங்கள். கல்கத்தாவில் 1784-ல் ஆசியாட்டிக் சொசைட்டி தொடங்கியது. மெட்ராஸில் 1812-ல் நீதிபதி ஜான் நியூபோல்ட் முன்நின்று மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியை ஆரம்பித்தார். பெயரில் ‘லிட்டரரி’ இருந்தாலும், அங்கே இலக்கியத்துக்குச் சமமாகக் கல்லும் மண்ணும் பறவையும் பேசப்பட்டன. இன்றைய கணக்கில் சொன்னால் ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு நூலகம், ஒரு ஆய்விதழ், ஒரு குடோன் நான்கும் சேர்ந்த ஏற்பாடு.

இதன் அருமை புரிய டாக்டர் ஜெர்டனின் கதை போதும். தென்னிந்தியாவில் பல ஊர்களில் வேலை பார்த்த தாமஸ் ஜெர்டன், தான் சேகரித்த பறவைத் தோல்களை அடையாளம் காண்பதற்காக ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டின் என்ற நிபுணருக்குக் கப்பலில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது அந்துப்பூச்சி அரித்துவிட்டது. இனி அவர்களை நம்பிப் பயனில்லை என்று தானே அடையாளம் கண்டு எழுதினார். அந்தப் பட்டியல் 1839-40-ல் மெட்ராஸ் சொசைட்டியின் இதழில் வெளியானது. 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள்! உள்ளூரில் ஒரு இதழ் இல்லாமல் போயிருந்தால் அது அவருடைய நோட்டுப் புத்தகத்திலேயே முடங்கியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கூட்டங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். காட்டில் நடந்து பறவையைப் பிடித்துக் கொடுத்த வேட்டைக்காரர்கள், செடியின் பெயரைச் சொல்லித் தந்த ஊர்க்காரர்கள், தோலை உரித்துப் பதப்படுத்திய உதவியாளர்கள் ஆகியோரின் பெயர்கள் அச்சில் அபூர்வமாகத்தான் வந்தன.

மொரீஷியஸில் பார்த்த மொட்டை மலைகள்

எட்வர்ட் கிரீன் பால்ஃபர் 1813 செப்டம்பர் 6-ல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் ஊரில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் ஜோசப் ஹியூம், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேர்போன சீர்திருத்தவாதி. அந்த மாமனின் மகன்தான் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் கட்சி பிறக்கக் காரணமானவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே ஹியூம். அவரும் பறவைப் பைத்தியம்தான்!

எடின்பரோவில் அறுவை மருத்துவம் படித்த பால்ஃபர் 1834-ல் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார். வழியில் மொரீஷியஸ் தீவில் கொஞ்சம் தங்க நேர்ந்தது. தோட்டப் பயிருக்காகக் காட்டை வெட்டி வெட்டித் தீவு என்ன ஆகியிருந்தது என்பதை அங்கே அவர் நேரில் பார்த்தார். பிறகு வந்து சேர்ந்ததோ மெட்ராஸ் மாகாணம். அதற்குச் சற்று முன்புதான், 1832-33-ல், குண்டூர்ப் பகுதியைக் கொடிய பஞ்சம் சூறையாடியிருந்தது.

காடு போனால் என்ன ஆகும், மழை பொய்த்தால் என்ன ஆகும்? இந்த இரண்டு காட்சிகளும் அவர் மனதில் சேர்ந்துகொண்டன என்று எடுத்துக்கொள்ளலாம். ஏனென்றால், 1849-ல் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை சரியாக இதைப் பற்றியதுதான். மரங்களுக்கும் மழைக்கும், மரங்களுக்கும் நிலத்தின் ஈரத்துக்கும் என்ன தொடர்பு? ஹம்போல்ட், பூசிங்கோ போன்ற ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதியவற்றையும் இந்திய அனுபவங்களையும் கோத்து, காட்டை அழித்தால் ஊற்றுகள் வற்றும், வறட்சி வரும் என்று அவர் வாதிட்டார். மரம் நட்டால் மழை வந்துவிடும் என்பது அவ்வளவு நேரான கணக்கு இல்லை என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. ஆனால், நீரைப் பிடித்து வைப்பதில் காட்டின் பங்கு பற்றி அவர் கவலைப்பட்டது வீண் கவலை இல்லை.

கம்பெனிக்குக் காடு என்றால் மரக்கட்டை, மரக்கட்டை என்றால் காசு. அந்தக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்துகொண்டே இப்படி எழுத ஓர் இடம் வேண்டியிருந்தது. சொசைட்டியின் இதழ் அந்த இடத்தைக் கொடுத்தது.

அவர் மட்டும் தனியாக இதைப் பேசவில்லை. இன்னொரு மெட்ராஸ் டாக்டரான ஹியூ கிளெக்ஹார்ன், பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்துக்காக 1851-ல் வெப்பமண்டலக் காடுகளின் அழிவு பற்றிய அறிக்கையைச் சமர்ப்பித்த குழுவில் இருந்தார். 1856-ல் மெட்ராஸ் மாகாணத்தில் வனத்துறை பிறந்தபோது அதன் தலைவரானதும் அவர்தான். கழகங்களில் வாசித்த கட்டுரைகள் ஒரு அரசுத் துறை உருவாக வழி போட்டன.

ஆனால், அந்தத் துறை பின்னாளில் எப்படி நடந்துகொண்டது என்பது வேறு கதை. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்காக மரம் வெட்டுவது நிற்கவில்லை. 1882-ல் வந்த மெட்ராஸ் வனச் சட்டம், காலங்காலமாகக் காட்டை நம்பி வாழ்ந்தவர்களை அந்தக் காட்டிலேயே அத்துமீறுபவர்கள் ஆக்கியது. பஞ்சத்தைத் தடுக்க எழுந்த பேச்சு, விறகு பொறுக்கப் போனவர்களைத் தடுக்கும் வேலியாகவும் மாறியது. இதற்குப் பால்ஃபர் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. அதற்காக விட்டுவிட்டுச் சொல்லவும் முடியாது.

அலமாரியைத் திறந்த கதை

இப்போது ‘காலேஜ்’ விஷயத்துக்கு வருவோம்.

உறுப்பினர்கள் வருஷக்கணக்காக அனுப்பிய கற்களும் கனிமங்களும் சொசைட்டியில் குவிந்திருந்தன. அவற்றை உறுப்பினர்கள் மட்டும் பார்ப்பதில் என்ன பயன்? 1846-ல் ஒரு மியூசியம் வேண்டும் என்று சொசைட்டி அரசிடம் கேட்டது. லண்டன் வரை கோப்பு போய்த் திரும்ப வருஷங்கள் ஆயின. கடைசியில் 1851-ல் அனுமதி கிடைத்தது. கவர்னரின் மெய்க்காப்புப் படைக்கு டாக்டராக இருந்த பால்ஃபர், அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே மியூசியத்தின் முதல் பொறுப்பாளரும் ஆனார்.

சொசைட்டி கொடுத்த சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகள்தான் முதல் சேகரிப்பு. இடம்? கம்பெனிக்கு வேலைக்கு வரும் இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் படிப்பதற்காக 1812-ல் எல்லிஸ் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. இன்று டி.பி.ஐ. வளாகம் இருக்கும் அதே கல்லூரிச் சாலைதான். மியூசியம் இருந்தது காலேஜில். அதனால் மக்கள் அதைக் காலேஜ் என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

பால்ஃபர் சும்மா இருக்கவில்லை. மாகாணம் முழுக்கச் சுற்றறிக்கை அனுப்பி, உங்கள் பகுதியில் கிடைக்கும் எதையும் அனுப்புங்கள் என்று கேட்டார். கல், சிப்பி, பறவை, பாம்பு எல்லாம் வந்து குவிந்தன. கல்லூரிக் கட்டடமோ பழசு. 1854-ல் மியூசியம் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. முந்தைய நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமுமாகக் கழித்த இடம் அது. பாந்தியன் சாலை என்ற பெயரில் அந்த நினைவு இன்னும் இருக்கிறது.

அங்கே போனதும் அடுத்த ஐடியா. அசையாத விலங்குகளைப் பார்க்கவே கூட்டம் வருகிறதே, அசையும் விலங்கு இருந்தால்? 1855-ல் ஒரு புலியும் ஒரு சிறுத்தையும் மியூசியம் வளாகத்துக்கு வந்தன. பாரசீகமும் இந்துஸ்தானியும் நன்றாக அறிந்த பால்ஃபருக்குச் சேப்பாக்கம் அரண்மனையில் நல்ல பழக்கம் உண்டு. 1850-ல் திருவல்லிக்கேணியில் முகமதியன் பொது நூலகம் உருவானதற்குப் பின்னாலும் அவர்தான் இருந்தார். அந்தப் பழக்கத்தில், கர்நாடக நவாப் வைத்திருந்த விலங்குகளையும் மியூசியத்துக்குத் தரச் செய்தார். ஒரே வருஷத்தில் 300-க்கும் மேற்பட்ட விலங்குகள், பறவைகள்!

மியூசியம் தோட்டத்துக்குள் புலி உறுமுவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரொம்ப நாள் தாங்காது இல்லையா? 1863-ல் விலங்குகள் நகராட்சியின் பொறுப்புக்குப் போய், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறின. 1985-ல் அங்கிருந்து வண்டலூர். செத்த காலேஜிலிருந்து பிரிந்துபோனதுதான் உயிர் காலேஜ்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது புலியை அல்ல, வாசற்கதவை. லிட்டரரி சொசைட்டிக்குள் நுழைய உறுப்பினராக வேண்டும், ஆங்கிலம் தெரிய வேண்டும். மியூசியத்துக்குள் நுழைய அதெல்லாம் தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ‘செத்த காலேஜ்’ என்ற பெயரை எந்த அதிகாரியும் வைக்கவில்லை, அப்படி வந்து பார்த்தவர்கள் வைத்தார்கள்.

மியூசியத்துக்குப் பிறகு

1859 வரை மியூசியத்தில் இருந்தார் பால்ஃபர். அதற்குள் இன்னொரு பெரிய வேலையையும் முடித்திருந்தார். இந்தியாவின் தாவரம், விலங்கு, மக்கள், தொழில், பொருள் எல்லாவற்றையும் அகர வரிசையில் தொகுத்த கலைக்களஞ்சியம் அது. முதல் பதிப்பு 1857-ல். 1871-73-ல் வந்த இரண்டாம் பதிப்பு ஐந்து தொகுதிகளாகப் பெருத்தது. டீம் கிடையாது, கூகுள் கிடையாது. கழகங்களின் இதழ்களில் சிதறிக் கிடந்த தகவல்கள்தான் அவருடைய டேட்டாபேஸின் பெரும்பகுதி.

1871-ல் மெட்ராஸ் மாகாண மருத்துவத் துறையின் உச்சப் பதவியான சர்ஜன் ஜெனரல் ஆனார். இந்தியப் பெண்கள் ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிச் சாகிறார்கள், பெண்கள் மருத்துவம் படித்தால்தான் இதற்குத் தீர்வு என்பது அவர் கருத்து. எதிர்ப்புகளைத் தாண்டி 1875-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனிலேயே பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த நேரம் அது. அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப்தான் பின்னாளில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பால்ஃபர் 1876-ல் இந்தியாவை விட்டுப் போனார். கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பை 1885-ல் கொண்டுவந்தார். 1889 டிசம்பர் 8-ல் லண்டனில் இறந்தார். மருத்துவம் படிக்கும் பெண்களை ஊக்குவிக்க மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் தங்கப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது.

கற்களை எழும்பூருக்குக் கொடுத்துவிட்ட லிட்டரரி சொசைட்டி மட்டும் கல்லூரிச் சாலையை விட்டு நகரவில்லை. டி.பி.ஐ. வளாகத்துக்குள் சிவப்பு நிறக் கட்டடம் ஒன்றில், கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகளோடு நூலகமாக இயங்குகிறது. பழைய புத்தகங்களைச் செப்பனிட ஆகும் செலவை ஏற்றுக்கொண்டு ஒரு புத்தகத்தை யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். தூசி தட்ட, பட்டியல் போட என்று இளம் வாலன்டியர்களும் வந்து போகிறார்கள். இப்போது உறுப்பினராக வெள்ளைக்காரராக இருக்க வேண்டியதில்லை, சந்தா கட்டினால் போதும். கோடம்பாக்கத்திலிருந்து ஒரே ஸ்டேஷன்தான், நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடலாம்.