ஆசிரியர் ரகீம்

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடலோரமாகச் சுரபுன்னைக் காடு பரந்து கிடக்கிறது. உப்பங்கழி அங்கே எண்ணற்ற கால்வாய்களாகக் கிளைத்து மரவேர்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும். ஒரு கால்வாய் மற்றொன்றைப் போலவே தோன்றும். அங்கே தோணி ஏறுவோர், துடுப்புப் பிடிப்பவனின் தோள்வலிமையை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வழி கடலை நோக்கிச் செல்லும், எவ்வழி சேற்றில் முடியும், நீர் எப்பொழுது ஏறும், எப்பொழுது வடியும் என்பவற்றை அவன் அறிந்தவனா என்று பார்த்தல் வேண்டும். ஒரு நாட்டின் விளையாட்டு அணிக்குப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதும் இத்தகையதே. களத்தில் ஆடிப் புகழ்பெற்றவர் ஒருவர். அவ்வாட்டத்தைப் பிறர்க்குக் கற்பிக்க வல்லவர் மற்றொருவர். இவ்விரு திறமும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றும் பொறுப்பு 1950ஆம் ஆண்டில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் சென்றது. அவரே சையத் அப்துல் ரகீம்.

ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது போல, ஐதராபாத்தில் 1918இல் உசுமானியாப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. ரகீம் அங்கே கல்வி பயின்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணியில் சேர்ந்து கால்பந்தும் ஆடினார். நன்றாகவே ஆடினார் எனினும், நாட்டு அணியில் இடம்பெற்று ஆடிய புகழ் அவருக்கு இல்லை. படிப்பு முடிந்ததும் அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்று, ஐதராபாத்துப் பள்ளிகளில் மாணவர்களின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

வகுப்பறையில் ஒரு மாணவன் கணக்கில் தவறினால், தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்று தேடிக் காண்பது நல்லாசிரியர் இயல்பு. ரகீம் விளையாட்டுக் களத்திலும் அவ்வாறே தேடினார். அந்நாளில் நம் நாட்டு இளைஞர் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு, எதிரிகளை ஒருவர் பின் ஒருவராக ஏய்த்துச் செல்வதையே பெருந்திறமையாகக் கருதினர். காண்போரும் அதனையே போற்றினர். ஆயினும் ஒருவர் பந்தை நெடுநேரம் வைத்துக்கொண்டால் மற்றைப் பதின்மரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானே! ஆகவே, பந்தை அவ்வாறு தனியே கொண்டு செல்லக்கூடாது, உடனே தோழனுக்குத் தட்டிவிடுதல் வேண்டும் என்னும் விதியோடு ரகீம் சிறுவர்க்குப் போட்டிகள் நடத்தினார். பலரும் வலக்காலை மட்டுமே நம்பி ஆடுவதைக் கண்டு, பழக்கமில்லாத காலாலேயே பந்தை உதைக்க வேண்டும் என்று வேறொரு போட்டி வைத்தார். உயரம் குறைந்தவர்கள் ஒதுக்கப்படாதிருக்க அவர்களுக்கென்றே ஒரு போட்டியும் உண்டு. இவையெல்லாம் வேடிக்கை போலத் தோன்றலாம். பின்னாளில் அவரிடம் பயின்றவர்கள் இருகாலாலும் பந்தைச் செலுத்தியபோதுதான் அவற்றின் பயன் விளங்கிற்று.

ஐதராபாத்துக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் ரகீம் தொண்டாற்றினார். ஐதராபாத்து நகரக் காவலர் அணி அவருடைய பயிற்சியில் வளர்ந்தது. அவ்வணி பம்பாயில் நடைபெற்ற ரோவர்சுக் கோப்பைப் போட்டியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வெற்றி பெற்றது.

அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலைநகரம் கல்கத்தாவே. மோகன் பாகன் அணியினர் 1911ஆம் ஆண்டில் வெறுங்காலால் ஆடி, ஆங்கிலேயப் படைவீரர் அணியை வென்ற நாள் முதல் அந்நகரத்தார்க்குக் கால்பந்து உயிரினும் இனியதாயிற்று. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்குப் போட்டிக்குச் சென்ற இந்திய அணி, பிரான்சு நாட்டை எதிர்த்து 1–2 என்னும் கணக்கில் தோற்றது. பெரும்பாலோர் காலணியின்றியே ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். கிடைத்த பெனால்டி உதைகள் இரண்டும் வீணாயின. வெற்றிக்கு மிக அருகே சென்றும் அதனைக் கைப்பற்ற இயலவில்லை. ஓடும் திறமும் பந்தை ஆளும் திறமும் நம்மவரிடம் இருந்தன. ஓர் அணியாக நின்று ஆடும் ஒழுங்கே குறைவாக இருந்தது. இந்நிலையில் கல்கத்தாவின் புகழ்வாய்ந்த ஆட்டக்காரர் ஒருவரைப் பயிற்சியாளராக அமர்த்துதல் எளிய வழியாக இருந்திருக்கும். அவ்வாறன்றி, தெற்கே ஐதராபாத்திலிருந்து ஓர் ஆசிரியரை அழைத்தமை துணிவான செயலேயாகும்.

முதல் தேர்வு விரைவில் வந்தது. 1951ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லியில் நடைபெற்றது. இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் வென்று இறுதிப் போட்டியில் ஈரானை எதிர்த்தது. மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா வெற்றி பெற்றது. பிரதமர் நேருவும் அவ்வாட்டத்தைக் கண்டு களித்தார். புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கு அப்பொற்பதக்கம் பெரியதொரு மகிழ்ச்சியைத் தந்தது.

ஆனால் வெற்றிக்களிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்குப் போட்டியில் யூகோசிலாவியா இந்தியாவை 10–1 என்னும் கணக்கில் முறியடித்தது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம் வீரர் பலர் வெறுங்காலோடு ஓடினர். எதிரிகள் ஆணி பதித்த பூட்சு அணிந்திருந்தனர். இத்தகைய தோல்விக்குப் பின் பயிற்சியாளரை மாற்றுவதே எங்கும் வழக்கம். தோல்வியின் பழியைச் சுமக்க ஒருவர் வேண்டுமல்லவா? இடையே சில போட்டிகளில் அணியை வேறு சிலர் நடத்தினர் எனினும், ரகீமின் பணி ஹெல்சின்கியோடு முடிந்துவிடவில்லை. அனைத்திந்தியக் கால்பந்துச் சங்கம் இனி வீரர் யாவரும் பூட்சு அணிந்தே ஆட வேண்டும் என விதித்தது. ரகீமோ காலணியோடு நின்றுவிடவில்லை. அந்நாளில் ஐரோப்பாவில் தலைசிறந்து விளங்கிய ஹங்கேரி அணியின் ஆட்டமுறையை ஆராய்ந்தார். அந்நாட்டார் நடு முன்னணி வீரரைச் சற்றுப் பின்னே நிறுத்தி எதிரிகளின் காவலைக் குலைத்தனர். அம்முறையின் கருத்தை வாங்கிக்கொண்டு நம் வீரரின் விரைவுக்கு ஏற்பப் பயிற்சி அளித்தார்.

அதன் பயன் 1956ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் விளங்கிற்று. சமர் பானர்ஜி தலைமையில் சென்ற இந்திய அணி, டிசம்பர் முதல் நாளில் ஆஸ்திரேலிய அணியை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். நான்காவது கோல் கிட்டு என வழங்கப்பட்ட கிருஷ்ணசாமியுடையது. ஒலிம்பிக்குக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே. அரையிறுதியில் மீண்டும் யூகோசிலாவியாவே எதிர்ப்பட்டது. இந்தியா முதற் கோலை அடித்து முந்தியது. எனினும் இறுதியில் 1–4 எனத் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பத்துக் கோல்கள் அடித்த அணியை ஒரு சிறு பொழுதேனும் கலங்கச் செய்தமை அற்பமன்று. பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது.

அவ்வணியில் இடம்பெற்றிருந்த கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராசுப் படைப்பிரிவில் சேர்ந்து ஆடியவர், நெடிய உருவினர். முதலில் முன்னணியில் நின்று கோல் அடிக்கும் வீரராக இருந்து, பின்னர்க் கோல் காவலராக மாறியவர்.

1960இல் உரோம் நகர ஒலிம்பிக்குக்கும் ரகீமே அணியை அழைத்துச் சென்றார். ஹங்கேரியிடம் 1–2 எனத் தோற்று, பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்து, பெருவிடம் 1–3 எனத் தோற்று அணி திரும்பியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜும் அக்குழுவில் இருந்தார். மற்றொருவரும் இருந்தார்: ரகீமின் மகன் ஹக்கீம். மூன்று ஆட்டங்கள் நடந்தும் ஹக்கீம் ஒன்றிலும் களம் இறங்கவில்லை. தந்தையே பயிற்சியாளராக இருந்தும், களத்தில் யார் நிற்பது என்பதை உறவு முடிவு செய்யவில்லை.

ரகீமின் வாழ்வில் கடைசிச் சோதனை 1962இல் வந்தது. இந்தோனேசியத் தலைநகரான ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்பொழுது அவருடைய நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் அவர் அணியுடன் சென்றார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இந்தியாவை 2–0 என வென்றது. அடுத்து இந்தியா தாய்லாந்தை 4–1 என வென்றது. ஆனால் அவ்வாட்டத்தில் பின்களத்தின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து, தையல் போட நேர்ந்தது. ஜப்பானை 2–0 என வென்று அரையிறுதியை அடைந்தபோது, அவரை என் செய்வது என்னும் வினா எழுந்தது.

தலையில் கட்டுடன் இருப்பவரைப் பின்களத்தில் நிறுத்தினால், மோதலில் காயம் மீண்டும் திறக்கும். நீக்கினாலோ அணியின் வலிமை குன்றும். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்னணியில் நின்று கோல் அடித்தவர் என்பதை ரகீம் அறிவார். ஆகவே அவரை முன்னணியின் நடுவில் நிறுத்தத் துணிந்தார். பின்களத்தின் நடுவிடத்தை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். போட்டியின் நடுவே, அதுவும் அரையிறுதியில், இத்தகைய மாற்றத்தைச் செய்து தோற்றிருந்தால் ஊரெல்லாம் பழித்திருக்கும். தென்வியட்நாமை எதிர்த்து இந்தியா 3–2 என வென்றது. அம்மூன்றனுள் ஒன்று ஜர்னைல் அடித்த கோல்.

இறுதிப் போட்டியில் மறுபடியும் தென்கொரியா. இதற்கிடையே நகரில் இந்தியர்க்கு எதிரான சினம் மூண்டிருந்தது. இந்தோனேசிய அரசு இசுரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்கவில்லை. ஆகவே இப்போட்டியை ஆசிய விளையாட்டுப் போட்டி எனல் தகாது என்று இந்தியரான சோந்தி வாதிட்டமையே அதற்குக் காரணம். கூட்டத்தினர் இந்தியத் தூதரகத்தையும் தாக்கினர். ஏறத்தாழ ஒரு நூறாயிரம் பேர் நிறைந்த அரங்கில் இந்தியர்க்காகக் குரல் கொடுப்போர் அரியராயினர். இறுதிப் போட்டிக்கு முன்னர் ரகீம் வீரர்களிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது அப்பொற்பதக்கமே என்றும் கேட்டுக்கொண்டார். தம் நோயின் கொடுமையை அவர் எடுத்துரைக்கவில்லை. அவரைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

அவ்வாட்டத்துக்குக் கோல் காவலரைத் தேர்வதும் எளிதாக இல்லை. தங்கராஜ் காய்ச்சலால் வருந்தியபோது, இளைஞர் பிரத்யுத் பர்மன் அவ்விடத்தில் நின்று ஆடியிருந்தார். கொரியரோ பந்தை உயரத் தூக்கி அடிப்பதில் வல்லவர். அதனை எண்ணி, நோயினின்று தேறிய நெடியவராகிய தங்கராஜையே ரகீம் நிறுத்தினார். செப்டம்பர் 4ஆம் நாள் சுனி கோஸ்வாமி தலைமையில் இந்தியர் களம் புகுந்தனர். முற்பாதியிலேயே பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தலைக்கட்டுடன் ஓடிய ஜர்னைல் ஒரு கோலும் அடித்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒரு கோல் அடித்தனர். அவ்வளவே, 2–1 என இந்தியா வென்றது. ரகீம் கேட்ட பரிசு கிடைத்தது.

நோய் முற்றி, 1963ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். அவருக்கு அகவை 53.

அவரிடத்துக்கு யாரை அமர்த்துவது என்னும் வினா உடனே எழுந்தது. இங்கிலாந்து நாட்டவரான ஹாரி ரைட் பொறுப்பேற்க, 1964ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அதன் பின்னர் அயல்நாட்டாரும் நம் நாட்டாரும் மாறி மாறி அவ்விருக்கையில் அமர்ந்தனர். 1970இல் பாங்காக்கு நகரில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. ஆசிய விளையாட்டில் கால்பந்துக்கான பொற்பதக்கம் ஜகார்த்தாவுக்குப் பின் இந்தியாவுக்குக் கிட்டவில்லை. ரகீமிடம் பயின்ற பி. கே. பானர்ஜியும் பின்னாளில் பயிற்சியாளரானார். ஆசிரியர் தம் முதற் பொற்பதக்கத்தைக் கண்ட அதே தில்லி மாநகரில், 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது இந்திய அணியைப் பயிற்றியவர் அம்மாணவரே.